மெடல் சொல்லாத பாதி

1/ ராணுவ மெடல்னாலே வீரச் செயலுக்குத் தர்றதுன்னு நினைக்கிறோம். பெரும்பாலானது அப்படி இல்ல. அந்தப் போர்ல, அந்த முனையில பணியில இருந்ததுக்கே தர்றதும் உண்டு. ஒரு அப்பா, மகன் கதையோட சின்ன த்ரெட்.

2/ 1965 போர்னா சமர் சேவா ஸ்டார். 1971ல மேற்கு முனைன்னா பஸ்சிமி ஸ்டார், வங்கதேசப் பக்கம்னா பூர்வி ஸ்டார். கார்கில்னா ஆப் விஜய் ஸ்டார். ரிப்பன் வரிசையைப் பார்த்தே அவர் எங்கெங்க இருந்தார்னு படிச்சிடலாம், கேஸ் ஷீட் மாதிரி.

3/ வீரத்துக்குத் தர்றது தனி. அதுல உச்சம் பரம் வீர் சக்ரா. 1947லேர்ந்து கார்கில் வரை 21 பேருக்குத்தான் கிடைச்சிருக்கு. அதுல 14 பேர் அதை வாங்க உயிரோட இல்ல.

4/ அதுல ஒருத்தர் அருண் கேத்தர்பால். தாத்தா முதல் உலகப்போர் பார்த்தவர். அப்பா எம்.எல்.கேத்தர்பால், ராணுவப் பொறியாளர் பிரிவுல பிரிகேடியர். அருண் 17 பூனா ஹார்ஸ். 1971 டிசம்பர் 16, பசந்தர் போர். டாங்க் தீப்பிடிச்சாச்சு, வெளிய வான்னு உத்தரவு. பீரங்கி இன்னும் வேலை செய்யுதுன்னு சொல்லிட்டு உள்ளேயே இருந்து சுட்டார். அங்கயே இறந்தார். வயசு 21. மறுநாள் போர் நிறுத்தம்.

5/ 2001. அப்பாவுக்கு 81 வயசு. பிறந்த மண் சர்கோதாவைப் பார்க்க பாகிஸ்தான் போறார். லாகூர்ல அவரை வீட்டுல வெச்சு அப்படி உபசரிச்சவர் பிரிகேடியர் நாசர். கிளம்பறதுக்கு முன்னால நாசர் சொல்றார்: உங்க மகன் இறந்தது என் கையால. அவன் எவ்வளவு தைரியமா நின்னான்னும் சொல்றார். பெரியவர் கோபப்படல.

6/ சாவுச் செய்தி சொல்றது எங்க வேலையில பாதி. கேட்டு அழுது முடிச்சதும் முக்கால்வாசிப் பேர் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "கடைசியா ஏதாவது சொன்னானா சார்?" அதுக்கு மெடல்கிட்ட பதில் கிடையாது. கூட இருந்தவங்கதான் சொல்லணும். இந்த அப்பாவுக்கு அது கிடைக்க 30 வருஷம் ஆச்சு, அதுவும் எதிர்ல நின்னவர்கிட்டேர்ந்து.

7/ தாத்தா எழுதிக்கொடுத்த ஓலை பேரனையும் கட்டும்னு சுந்தரர் வழக்குல தீர்ப்பான ஊர் எங்க திருவெண்ணெய்நல்லூர். பட்டாளத்து வீட்டுல அப்படி ஓலை எதுவும் கிடையாது. அப்பா பட்டதெல்லாம் தெரிஞ்சேதான் மகனும் ஆள் எடுக்குற வரிசையில போய் நிக்கிறான்.

8/ உங்க வீட்டு பீரோவுல மெடல் இருந்தா, அது எந்தப் போர்னு அவர்கிட்டயே கேளுங்க. கூட யார் இருந்தாங்கன்னும் கேளுங்க. ரிப்பன்ல எழுதியிருக்கறது பாதிதான். மீதியை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வெச்சிடுங்க.