எப்ப எடுக்கீக?

மதுரைக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழித் தூரம் சுமார் 14,300 கிலோமீட்டர். இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினால் தூரத்தோடு நேரத்தையும் சொல்லிவிடும்: பதினாறு மணி நேரம். பூமிப் பந்தின் மேல் ஆகக் குறுகிய கோட்டை இழுத்து, மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்துவிடுகிற கணக்கு அது. அந்தக் கோட்டில் போகும் விமானம் எதுவும் கிடையாது.

மேலே தூரம் ஒரு கதை, நேரம் வேறு கதை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பாதையிலிருந்து பசிபிக் பாதைக்கு மாற்றியது. சுமார் 13,900 கிலோமீட்டராக இருந்த தூரம் 15,300 ஆகக் கூடியது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிற காற்று பின்னால் நின்று தள்ளுகிறது. "பாதி வண்டிய காத்துதான் ஓட்டுது" என்பான் தம்பி. பசிபிக் வழியாகவே ஊருக்குத் திரும்பினால் அதே காற்று முகத்துக்கு எதிரே.

அய்யா தவறியது செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்கு. தளவாய்புரத்தில் விடிவதற்குள் சேதி பரவிவிட்டது. எங்கள் தெருவில் நைட்டி தைக்கிற மெஷின் ஒன்றுகூட அன்றைக்கு ஓடவில்லை. ஐஸ் பெட்டி வந்தது. கேதம் கேட்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "எப்ப எடுக்கீக?"

கொள்ளி வைக்கத் தம்பி ஒருத்தன்தான்.

"அமெரிக்காலருந்து எம்புட்டு நேரந்தாம்மா ஆகும்?" என்றார் பெரியப்பா. அதற்குள் யாரோ ஒரு பையன் போனில் பார்த்துப் பதினாறு என்றான். "அப்ப ராத்திரிக்கே வந்துருவான்ல" என்றாள் அத்தை.

சேதி போன எட்டரை மணி நேரம் கழித்துத்தான் அவனுக்கு விமானம். சிங்கப்பூருக்குப் பதினேழு மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு நாலு. மதுரைக்கு ஒன்றேகால். மதுரையிலிருந்து வீட்டுக்குக் காரில் இரண்டரை மணி நேரம். இந்தக் கடைசித் துண்டு நூறு கிலோமீட்டர்கூட வராது. இடையில் உட்கார்ந்து கிடந்ததையும் சேர்த்தால் முப்பத்தெட்டு மணி நேரம். பறந்தது போக மிச்சம் ஏறக்குறைய பதினாறு. அந்தப் பதினாறை எந்த இணையதளமும் சொல்லவில்லை.

புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து இறங்கினான். இருட்டுமுன்னே எடுத்தாக வேண்டும். குளிக்க வைத்து நேரே நீர்மாலைக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசக்கூட அவனை விடவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

அவன் விமானம் ஏறும்போது அங்கே திங்கள் இரவு. பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டி, சிங்கப்பூரில் இறங்கும்போது புதன் காலை. செவ்வாய்க்கிழமை முழுக்க ஜன்னலுக்கு வெளியே இருட்டாகவே போயிருக்கிறது. சேதி அவனுக்குக் கிடைத்ததும் திங்கள் பிற்பகல் இரண்டரைக்குத்தான்.

திதியை இங்குள்ள பஞ்சாங்கப்படி கொடுக்கிறோம். இங்கிலீஷ் தேதியை மட்டும் அவன் தன் கணக்கிலேயே வைத்திருக்கிறான். வருசா வருசம் ஒரு நாள் முந்தியே போன் வரும்.