நல்ல நேரம் எது?

பிரயாணம் புறப்படுமுன் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நேரம் பார்ப்போர் நம்மவருள் இன்றும் பலர். திங்கட்கிழமையாயின் காலை ஏழரை முதல் ஒன்பது வரை கதவைத் திறவார். ஞாயிறாயின் மாலை நாலரை முதல் ஆறு வரை வாசற்படியைத் தாண்டார். இராகு என்ன செய்வானோ என்னும் அச்சம்! ஒன்றரை மணி நேரத்தைக் கண்டு நடுங்கும் இவர்களே, வழியில் ஒரு விமான நிலையத்திற் பத்து மணி நேரம் தங்க நேர்ந்தால் என் செய்கின்றனர்? நாற்காலியிற் சாய்ந்து உறங்குகின்றனர். வாங்கப் போவதில்லாத பண்டங்களின் விலைச்சீட்டுகளைப் படிக்கின்றனர். கைத்தொலைபேசியைத் தடவித் தடவி அதன் உயிரைப் போக்குகின்றனர். பின்னர், நேரம் போகவில்லையே என்று புலம்புகின்றனர். நேரம் கெட்டதாயிருக்குமோ என்று அஞ்சக் கற்ற நாம், கிடைத்த நேரத்தை நல்லதாக்கிக்கொள்ளக் கற்றோமில்லை.

பிறர்மேற் குற்றஞ் சாட்டி யாம் தப்பித்துக்கொள்ள எண்ணவில்லை. கனடா நாட்டு வான்கூவர் நகருக்கு ஒருமுறை செல்ல வேண்டியிருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து செல்லும் விமானங்களில் விலை குறைந்த சீட்டையே தேடி வாங்கினோம். அச்சீட்டின்படி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஹாங்காங்கில் இறங்கி, இரவு எட்டு மணிக்கு மீண்டும் ஏறல் வேண்டும். பதினொன்றரை மணி நேரம்! விலையைக் குறைத்த கம்பெனியை வாழ்த்திய வாயாலேயே, காத்திருக்க வைத்ததற்காக வைதும்கொண்டோம். அன்று நள்ளிரவு ஒரு மணிக்கே எம் இல்லப் பணிப்பெண் எழுந்து, இட்டிலி அவித்து, மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிப் பொட்டலம் கட்டித் தந்தார். அதனைக் கைப்பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டோம். அவரது உறக்கத்தைப் பற்றி அப்போது யாம் சிந்திக்கவில்லை.

விமானத்தில் இருந்தபடியே ஒரு கணக்குப் போட்டோம். இறங்கிக் குடிநுழைவுச் சோதனையைக் கடக்க ஒரு மணி. மீண்டும் ஏறுவதற்கு இரண்டு மணி முன்னதாக நிலையம் திரும்பல் வேண்டும். போக்குவரத்துக்கு இரண்டு மணி. மிச்சம் ஆறரை மணி நேரம் நமக்கே உரியது. இக்கணக்கைப் போடாமல் ஊருக்குள் ஓடுவோர் விமானத்தை இழப்பர். இக்கணக்குக்கு அஞ்சி உள்ளேயே கிடப்போர் ஊரை இழப்பர். பெரிய பெட்டிகளைச் சிங்கப்பூரிலேயே வான்கூவர் வரைக்கும் சீட்டுப் போட்டு ஒப்படைத்துவிட்டமையால் கையிற் சுமை இல்லை. சிங்கப்பூரார்க்கும் மலேசியர்க்கும் ஹாங்காங்கிற் குறுகிய காலம் தங்க விசாவும் வேண்டுவதில்லை.

அவ்விமான நிலையமே பார்க்கத் தக்கது. இரண்டு தீவுகளைத் தகர்த்துச் சமன்செய்து, இடையிலும் சுற்றிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கி, 1998 ஜூலையில் திறந்தனர். போகும்போது பேருந்தையும் வரும்போது இரயிலையும் யாம் தேர்ந்தோம். பேருந்து மெதுவாகச் செல்லும். ஆயினும் 1997இல் திறக்கப்பட்ட சிங் மா தொங்குபாலத்தின் மேல்தட்டில் அது செல்கையில், 1,377 மீட்டர் நீளமான நடுப்பகுதிக்குக் கீழே கப்பல்கள் ஊர்வதைக் காணலாம். இரயில் இருபத்து நான்கு நிமிடத்தில் நகரின் நடுவிலிருந்து நிலையம் சேர்க்கும். போகையில் கண்ணுக்கு விருந்தும், திரும்புகையில் நெஞ்சுக்கு உறுதியும் வேண்டுமன்றோ?

நகரின் நடுப்பகுதியில் இறங்கியதும் முதலில் 'ஸ்டார்' படகுத்துறைக்குச் சென்று, துறைமுகத்தைக் கடந்து கவுலூன் போய்த் திரும்பினோம். பத்து நிமிடங்கூட ஆகாத பயணம். இப்படகுப் போக்குவரத்தை 1888இல் தொடங்கியவர் ஒரு பார்சி வணிகர் என்பது இந்தியர்க்கு இனிய செய்தி. ஆனால் எம் மனத்தில் நின்றது வேறொன்று. 1966இல் இப்படகின் மேல்வகுப்புக் கட்டணத்தை ஐந்து காசு உயர்த்த முற்பட்டபோது, சோ சாவ்-சுங் என்னும் இளைஞர் துறையருகே தனியே உண்ணாநோன்பு இருந்தார். அதிலிருந்து கவுலூன் முழுவதும் கலகம் மூண்டது. ஐந்து காசுக்காகவா என்பர் சிலர். கேட்க ஒருவருமில்லை என்னும் குமுறலுக்கு ஐந்து காசும் போதும் என்க.

படகைவிட்டு இறங்கிச் சிலைச் சதுக்கத்தை அடைந்தோம். அங்கே யாம் கண்ட காட்சியை எந்த வழிகாட்டி நூலும் எமக்கு முன்னதாகச் சொல்லவில்லை. வண்டிகள் ஓட வேண்டிய சாட்டர் வீதியில் ஒரு வண்டியும் இல்லை; வீதி முழுதும் பெண்கள். அருகே 1985இல் கட்டி முடித்த பெரிய வங்கிக் கட்டடம். அதன் அடித்தளம் சுவரின்றித் திறந்து கிடக்கும். அதன் கீழும் பெண்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, முழங்காலளவு சுவரும் எழுப்பி, அதற்குள் கூட்டங்கூட்டமாக அமர்ந்திருந்தனர். காலணிகள் சுவருக்கு வெளியே வரிசையாக இருந்தன. ஒருபுறம் சோறும் கறியும் பகிர்ந்துண்டனர். ஒருபுறம் ஒருத்தி மற்றொருத்திக்குத் தலைமயிர் திருத்தினாள். ஒருபுறம் ஊருக்கு அனுப்பும் பெட்டிகளில் சவர்க்காரமும் பால்மாவும் அடுக்கினர். ஒருபுறம் பாட்டுக்கு அடிவைத்து ஆடிப் பழகினர். திருவிழாவோ என்று எண்ணினோம். அன்று, வாராந்தர ஓய்வுநாள் என்று அறிந்தோம்.

இவர்கள் பிலிப்பீன்ஸ் நாட்டினின்று வீட்டுவேலைக்கு வந்தோர். இந்தோனேசியரையும் சேர்த்து இத்தகையோர் ஹாங்காங்கில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர். ஏழு நாளைக்கு ஒருமுறை இருபத்து நான்கு மணி நேர ஓய்வு இவர்களுக்குச் சட்டப்படி உரியது. ஆயினும் எசமானரின் வீட்டிலேயே தங்கல் வேண்டும் என்ற கட்டாயம் 2003 முதல் இருத்தலின், ஓய்வுநாளில் இருக்கத் தமக்கென ஓர் அறையும் இல்லை. ஆகவே வீதியே வீடாயிற்று. பிறர் ஏழாண்டு வாழ்ந்தால் நிரந்தரவாச உரிமை கேட்கலாம்; இவர்கள் இருபதாண்டு உழைத்தாலும் கேட்க இயலாது என்று 2013இல் அந்நகரின் உச்ச மன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைகளை வளர்க்கலாம், குடியாக மட்டும் ஆகலாகாது!

அச்சதுக்கத்தில் ஒருகால் அரசியின் சிலையும் அரசகுடும்பத்தார் சிலைகளும் நின்றன. போர்க்காலத்தில் ஜப்பானியர் அவற்றைப் பெயர்த்துச் சென்றனர். இன்று அங்கே நிற்பது ஒரு வங்கி நிர்வாகியின் சிலை மட்டுமே. அரசர் போயினர், பணம் நின்றது. அப்பெண்களின் நாட்டுப் பெருமகன் ஹோசே ரிசாலும் நினைவுக்கு வந்தார். கண் மருத்துவராகிய அவர் 1891 இறுதியில் ஹாங்காங் வந்து சில மாதம் மருத்துவஞ் செய்தார். 1896இல் ஸ்பெயினுக்குப் போகும் வழியில் அவர் கப்பல் சிங்கப்பூரில் நின்றது. இறங்கித் தப்பிவிடுக என்று வேண்டினர் சிலர். அவர் இறங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடைத்தங்கல் எல்லாம் வெற்றுக் காத்திருப்பு அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பெயர்த்துச் செல்லப்பட்ட விக்டோரியா அரசியின் சிலை போருக்குப் பின் மீண்டு வந்து, இன்று அவள் பெயர் கொண்ட பூங்காவில் இருக்கிறது என்று கேட்டு, அங்கே செல்லத் துணிந்தோம். 1904 முதல் ஓடும் டிராம் வண்டியின் மாடியில் ஏறினோம். எங்கே இறங்கினும் ஒரே கட்டணம். அதையும் இறங்கும்போதே செலுத்தலாம். ஏழைக்கு ஏற்ற வண்டி. பூங்காவை அடைந்ததும் எம் செவியில் விழுந்தது மலாய் போன்றதொரு மொழி. ஆம், பிலிப்பீன்ஸ் பெண்களுக்குச் சதுக்கம் எப்படியோ, இந்தோனேசியப் பெண்களுக்கு அப்பூங்கா அப்படி.

மரநிழலில் ஒருவர், சக்கரம் வைத்த பிரயாணப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே துணியில்லை; நூல்கள்! கதைகளும் சமய நூல்களும் சமையல் நூல்களும். வருவோர் ஒரு குறிப்பேட்டில் பெயரெழுதி இரவல் பெற்று, அடுத்த ஞாயிறு திருப்புவராம். தம் தோழியர் சிலர் சிறுகதை எழுதுகின்றனர் என்றும் அவர் சொன்னார். வாரத்தில் ஒருநாளே தமக்கென்று உடையவர் அந்நாளில் நூல்நிலையம் நடத்துவதைக் கண்டு, நூல்நிலையம் பக்கத்துத் தெருவிலிருந்தும் செல்லாத எம்மை நினைந்து நாணினோம்.

எமக்குத் தெரிந்த மலாயில் பேச்சுக் கொடுத்தோம். பசி மிகுந்தமையால் பொட்டலத்தைப் பிரித்து, அவருக்கும் இரண்டு இட்டிலி தந்தோம். காரத்தில் கண்கலங்கிச் சிரித்தபடியே அவர் கேட்டார்: "நன்றாயிருக்கிறது, பாக். உங்கள் மனைவியார் செய்தாரா?"

"இல்லை, எம் வீட்டில் வேலைசெய்யும் பெண். உங்கள் சாவகத்தைச் சேர்ந்தவர்தாம். எம் இல்லத்தில் கற்றுக்கொண்டார்."

"எப்போது செய்தார்?"

"இன்று நள்ளிரவுக்குப் பின்."

"இன்று ஹாரி மிங்கு அல்லவா? அவருக்கு ஓய்வு இல்லையா?"

யாம் தயங்காமல் விடை சொன்னோம். அவ்விடையை நீண்டநாளாக எமக்கு நாமே சொல்லி வந்தோமல்லவா? "மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியே செல்வார். மற்ற ஞாயிறுகளுக்குப் பணம் கொடுத்துவிடுகிறோம். அவரும் ஒப்புக்கொண்டார்."

அவர் கோபிக்கவில்லை. "வேண்டாம் என்று அவராகச் சொன்னாரா, பாக்? அல்லது நீங்கள் கேட்டு அவர் தலையசைத்தாரா?" என்றார். வேறொன்றும் சொல்லாமல், நூல் கேட்டு வந்த ஒரு சிறுபெண்ணிடம் திரும்பிவிட்டார்.

எம் நாட்டுச் சட்டத்தை யாம் மீறினோமில்லை. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பது சிங்கப்பூரில் 2013 முதல் விதி. இருவரும் இசைந்தால் ஓய்வுக்கு ஈடாகப் பணம் தரலாம். மாதம் ஒருநாளையேனும் பணத்தால் ஈடுசெய்யலாகாது என்பது 2023 முதல் விதி. சட்டம் எமக்கு விட்டுக்கொடுத்த எல்லை வரைக்கும் ஓர் அங்குலமும் குறையாமல் யாம் சென்றிருந்தோம், அவ்வளவே. ஆனால் தம் வேலையும் இருப்பிடமும் எவர் கையில் உளவோ, அவர் கேட்கும்போது தலையசைப்பது இசைவாகுமா?

1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்து சுயமரியாதை பேசியதை மேடைதோறும் எடுத்துரைப்பவர் யாம். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று என்று எழுதிப் பெருமை கொண்டவர் யாம். அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று. மனிதராய் நிமிர்ந்து செல்லும் உரிமை. அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளாகிய யாம் எம் அடுக்களையிற் சிறு துரையாகி நின்றதை, ஹாங்காங்கில் ஓர் அயலார் சொல்லியன்றோ அறிந்தோம்!

பூங்காவை விட்டு எழுந்தபோது மணி நாலரை. ஞாயிற்றுக்கிழமை இராகுகாலம் அப்போதுதான் தொடங்குகிறது. சுற்றிலும் பார்த்தோம். அப்பெண்கள் பாடிக்கொண்டிருந்தனர், படித்துக்கொண்டிருந்தனர், வெறுமனே வானத்தைப் பார்த்துப் படுத்துமிருந்தனர். இரவானதும் எசமானர் வீடு திரும்பல் வேண்டும். அவர்களுடைய வாரத்தில் அதனினும் நல்ல நேரம் வேறில்லை. ஒருவனுக்கு உரிய நேரமே நல்ல நேரம். பிறனுக்கு உரிமையாகிவிட்ட நேரமே கெட்ட நேரம். இதைச் சொல்ல எந்தப் பஞ்சாங்கமும் வேண்டியதில்லை. ஆறு மணிக்கு விமான நிலையம் சேர்ந்தோம். எட்டு மணிக்குக் குறைவின்றிப் புறப்பட்டோம்.

ஊர் திரும்பியபின் அவரிடம் பேசினோம். "வேண்டாம் ஐயா, பரவாயில்லை" என்றார் முதலில். காரணம் பின்னர் விளங்கிற்று: ஞாயிற்றுக்கு ஈடாகத் தந்த பணம் அவர் மகளின் பள்ளிச் செலவுக்குப் போயிற்று. ஓய்வு தருகிறோம் என்று சொல்லி அப்பணத்தை நிறுத்திவிட்டால் அஃதென்ன நீதி? ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். ஆகவே அத்தொகையை மாதச் சம்பளத்தோடு சேர்த்து உயர்த்தி, ஞாயிறு நான்கும் உமக்கே என்றோம். எமக்கு அது பெருஞ்செலவன்று. இத்தனை ஆண்டு செய்யாதிருந்ததற்கு அதுவே வெட்கம்.

முதல் ஞாயிறு அவர் மாலையில் திரும்பியதும், எங்கே சென்றீர் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டோம். அவராகவே சொன்னார்: "கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே செய்யவில்லை." அதைச் சொல்கையில் அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை முன்பு யாம் கண்டதில்லை. அன்று யாம் வடித்த சோறு குழைந்துபோயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அன்பர்களே! வழியில் நீண்ட நேரம் தங்க நேர்ந்தால் வருந்தற்க. பெட்டியை முன்னரே ஒப்படைத்துவிட்டு, மணிக்கணக்கைச் சரியாகப் போட்டு, ஊருக்குள் செல்க. கட்டடத்தைப் பார்ப்பதோடு நில்லாது, அதன் நிழலில் இருப்பவரையும் பார்க்க. வீடு திரும்பியதும் உம் அடுக்களையில் நிற்பவரிடம், அடுத்த ஞாயிறு எவருடையது என்று கேட்க. அவர் தலையசைப்பை மட்டும் விடையாக ஏற்றுக்கொள்ளற்க.