கழுத்தைத் திருப்பிய ஆடு

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி இறைவனைப் பார்த்து இருக்காது. முதுகைக் காட்டி வாசல் பக்கம் பார்த்திருக்கும். குறும்பரோடு போரிடப் போன தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகச் சிவன் அதை அனுப்பினார் என்கிறது தலபுராணம். எல்லாச் சிவன் கோயிலிலும் இருக்கிற அதே காளைதான். திரும்பியதும் இதற்கு மட்டும் ஒரு பயணம் வந்துவிட்டது. பழைய பாட்டிலையும் அட்டையையும் வைத்து விலங்கு செய்கிறபோது நான் நம்பியிருப்பது இதைத்தான்: உயிர் முகத்தில் இல்லை, கழுத்தில் இருக்கிறது.

இப்படி விலங்கு செய்ய எங்கள் அம்பத்தூர்ப் பக்கம் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது; 1960களில் தொழிற்பேட்டை வந்தது. பட்டறை இருக்கிற ஊரில் காயலான் கடைகளும் இருக்கும். கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு போனால் சைக்கிள் பெல் மூடி, கிழிந்த டியூப், கட்டுக்கம்பி, அட்டைக் குழல் எல்லாம் கிடைக்கும். என்ன விலங்கு என்று முன்பே முடிவு செய்ய விடமாட்டேன். எல்லாவற்றையும் தரையில் பரப்பிவைத்துப் பார்க்கச் சொல்வேன். இந்த முறை வளைந்த டியூப் துண்டுகளைப் பார்த்ததுமே ஆடு என்றார்கள். கொம்பு கிடைத்துவிட்டதே!

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்தான் வயிறு. கட்டுக்கம்பியின் மேல் நாளிதழை இறுக்கிச் சுருட்டி, மாஸ்கிங் டேப் ஒட்டினால் கால். கம்பியின் முனையைப் பலகையில் வளைத்து ஆணியடித்துவிட்டால் சாயாது. கழுத்துக்கு மட்டும் அவசரப்படக் கூடாது. நேராக வைத்தால் அது கடையில் வாங்கிய பொம்மை. பக்கவாட்டில் திருப்பி, முகவாயைக் கொஞ்சம் தூக்கினால் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆடு. முன்னங்கால் ஒன்றையும் மடக்கிவிட்டால் ஆவடி ரோட்டில் சினிமா போஸ்டரைத் தின்னக் கிளம்பிவிட்ட ஆடு! எதுவானாலும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். மேலே பிளாஸ்டர் ஏறிய பிறகு கம்பி வளையாது.

அடுத்தது மாவுக்கட்டுத் துணி. மருந்துக் கடையில் கேட்டால், "யாருக்கும்மா கால் உடைஞ்சுது?" என்று விசாரிப்பார்கள். "ஆட்டுக்கு அண்ணா" என்று பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள். 10 செ.மீ. அகலமும் 2.7 மீட்டர் நீளமும் உள்ள சுருள் போதும். எலும்பு முறிவுக்காக 1851-ல் இந்தத் துணியைக் கண்டறிந்தவர் டச்சு ராணுவ மருத்துவர் மத்தெய்சன். அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் சீகல் 1961-ல் இதைத் தன் உடம்பிலேயே சுற்றி உருவம் எடுத்தார். காயத்துக்கு வந்த துணி கலைக்கு வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கை ஈரமாவதற்கு முன்பே துணியைத் துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் முக்கி, லேசாக வழித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, வலைக்கண் மறையும்வரை விரலால் தடவ வேண்டும். சில நிமிடங்களில் ஆட்டின் வயிறு சுடத் தொடங்கும். ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரில் முக்கால் பங்கைப் போக்கித்தான் அந்த மாவைச் செய்கிறார்கள். இழந்த நீர் திரும்பக் கிடைக்கும்போது அது மறுபடி ஜிப்சமாக இறுகி, வெப்பத்தை வெளிவிடுகிறது. பிள்ளைகள் இதற்காகவே காத்திருந்து தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் கரைத்த மாவுக்குள் கையை விட்டு அச்செடுக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. கெட்டியாக இருந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். மிஞ்சிய நீரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு வண்ணம். ஆட்டுக்குப் பச்சைக் கோடு வேண்டும் என்றார்கள். அடித்தோம். கழுத்தில் பெல் மூடியைக் கட்டினோம்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பிளாஸ்டர் களிமண்போல நீரில் கரைவதில்லை. நீரில் கரைக்கும் சாமி சிலைகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டதும் அதனால்தான். நாம் செய்தது பொம்மையே ஆனாலும் அம்பத்தூர் ஏரிக்கோ கொரட்டூர் ஏரிக்கோ போய்ச் சேரக் கூடாது. வீட்டிலேயே இருக்கட்டும். கால் உடைந்தால் மறுபடி கட்டுப் போட்டுக்கொள்ளலாம்.