மூணு மில்லிமீட்டர்

டிஸ்கி: இது விளம்பரமும் இல்லை, யாரையும் திட்டறதுக்கான பதிவும் இல்லை. திட்டணும்னா என்னைத்தான் திட்டணும். ஏன்னு போகப் போகத் தெரியும்.

ஒன்றரை வருஷம் முன்னாடி மேடவாக்கம் பக்கத்துல பத்து வருஷப் பழசு ஃப்ளாட் ஒண்ணு வாங்கினோம். இரண்டாவது மாடி. பேங்க் லோன், அப்பாவோட பி.எஃப்.ல கொஞ்சம், ஃப்ரெண்டுகிட்ட கைமாத்து கொஞ்சம்... பொட்டி தட்டறவனோட வழக்கமான கதைதான். வீடு நல்ல வீடு. தரை மட்டும் கண்றாவி. ஹால் டைல்ஸ் ஒரு காலத்துல வெள்ளையா இருந்திருக்கும் போல. டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுப்பு. ஒரு ஞாயித்துக்கிழமை பழைய டூத்பிரஷ் வச்சுக்கிட்டு உக்காந்தேன். மத்தியானத்துக்குள்ள நாலு கோடு வெளுத்துச்சு. மீதி இருந்த கோடுகளை எண்ணிப் பார்த்துட்டு பிரஷ்ஷைத் தூக்கி எறிஞ்சுட்டேன்.

உடைச்சுட்டுப் புது டைல்ஸ் போடலாம். ஆனா தங்கமணிக்கு அப்ப அஞ்சாம் மாசம். உடைக்கற சத்தம், தூசி, அந்த இடிபாட்டை லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து மூட்டை மூட்டையா இறக்கறது, எல்லாத்தையும் நினைச்சாலே மூச்சு முட்டுச்சு. அப்பதான் ஆபீஸ் நண்பர் வீட்டு கிரஹப்பிரவேசத்துல மைக்ரோசிமெண்ட் தரையைப் பார்த்தேன். ஹால்ல ஆரம்பிச்சு டைனிங் தாண்டி பால்கனி வாசல் வரைக்கும் ஒரே தரை. கோடே இல்லை. நல்ல மழைமேகக் கலர். சாப்பாட்டுப் பந்தியை விட்டுட்டு நான் குனிஞ்சு தரையைத் தடவிக்கிட்டு இருந்தேன். தங்கமணி முறைச்சாங்க.

வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா அதைப் பத்திதான் படிச்சேன். சிமெண்ட், மாவு மாதிரி சலிச்ச மணல், இரண்டையும் விடாமப் பிடிச்சுக்க அக்ரிலிக் மாதிரி ஒரு பாலிமர், நிறத்துக்குப் பொடி. அவ்வளவுதான் சரக்கு. பழைய டைல்ஸை உடைக்கவே வேண்டாம். இடுக்கையெல்லாம் அடைச்சு, பிரைமர் அடிச்சு, கண்ணாடி இழை வலையை விரிச்சு, கொஞ்சம் கரகரப்பான கலவை இரண்டு தடவை, நைஸ் கலவை இரண்டு தடவை கரணையால இழுக்கணும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவுல உப்புத்தாள் தேய்ப்பு. கடைசியா பாலியூரித்தேன் சீலர். எல்லாம் சேர்த்து இரண்டு மூணு மில்லிமீட்டர் கனம்தான், அதனால கதவை அறுக்க வேண்டியதில்லை. மூணு மில்லிமீட்டர்ல ஒரு வீடே மாறுதேன்னு எனக்குப் பரவசம்.

கம்பெனி ஒண்ணு சதுர அடிக்கு 320 ரூபாய் சொன்னாங்க. ஹாலும் டைனிங்கும் 280 சதுர அடி, பாத்ரூம் தரையும் சுவருமா 150. மொத்தம் 1,37,600. டைல்ஸ்னா இதுல பாதிகூட ஆகாது. இருந்தாலும் மனசு அந்த மழைமேகத்துலயே நின்னுடுச்சு.

இப்ப என் தப்புக்கு வரேன். வீடு பதிவு பண்ணின வாரமே கீழ் வீட்டு சார் மாடி ஏறி வந்திருந்தார். ஈ.பி.ல இருந்து ரிட்டயர் ஆனவர், தனியாத்தான் இருக்கார். "தம்பி, உங்க பாத்ரூமுக்கு நேர் கீழ எங்க சீலிங்ல ஈரம் இருக்கு. முன்ன இருந்தவர்கிட்ட ரெண்டு வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன். நீங்களாவது கொஞ்சம் பாருங்க." "கண்டிப்பா சார்"னு சொன்னேன். அவர் இறங்கிப் போனதும் மறந்தே போயிட்டேன்னு சொன்னா அது பொய். மறக்கலை. பாத்ரூமை உடைச்சா எவ்வளவு ஆகும்னு ஒரு பிளம்பர்கிட்ட விசாரிச்சேன், தொகையைக் கேட்டதும் தள்ளிப் போட்டேன். அப்புறம் மைக்ரோசிமெண்ட் கம்பெனிக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இது வாட்டர்ப்ரூஃபா?" "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க, வெளிநாட்டுல ஸ்விம்மிங் பூலுக்கே போடறாங்க." போதும்னு விட்டுட்டேன். கீழே ஒழுகுதுன்னு அவர்கிட்ட நான் வாயே திறக்கலை. சொன்னா உடைக்கச் சொல்லுவாரோன்னு பயம். பேக்எண்ட்ல பக் இருக்குன்னு தெரிஞ்சே யூஐ-க்குப் பெயிண்ட் அடிக்கற வேலை. ஆபீஸ்ல இதைச் செஞ்ச ஜூனியரை எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்!

வேலை பத்து நாள் நடந்துச்சு. தூசியே வராது, மெஷின் உறிஞ்சிடும்னு சொன்னாங்க. வந்தது இரண்டு பையன்களும் ஒரு கட்டு உப்புத்தாளும். நல்லவேளை தங்கமணி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க. அந்தத் தூசி சாதாரணத் தூசி இல்லை, சிமெண்டும் சிலிக்காவும். பையன்கள் முகத்துல ஒரு கைக்குட்டைகூட இல்லை. நானே கடைக்குப் போய் மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் போட்டாங்க, அப்புறம் தாடைக்கு இறக்கிட்டாங்க.

வந்தவங்கள்ல வயசான கொத்தனார் ஒருத்தர் இருந்தார். முதல் நாள் ஒரு சின்னச் சுத்தியலோட பின்பக்கத்தால ஒவ்வொரு டைலா தட்டிக்கிட்டே போனார். டொக், டொக், டொக். பால்கனி வாசல்கிட்ட இரண்டு டைல்ல சத்தம் மாறிச்சு. உள்ள வெத்தா இருக்கற சத்தம். "இதை எடுத்துட்டு அடைச்சுத்தான் சார் பூசணும். அடியில ஆடிச்சுன்னா மேல கோடு விழும்." சூப்பர்வைசர் தம்பி அவசரத்துல இருந்தார். "வலை போடறோம்ல, தாங்கிக்கும்"னுட்டார். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். ஒரு நாள் மிச்சமாகுமேன்னு தலையாட்டிட்டேன்.

ஆனா ஹால் முடிஞ்சு சீலர் காஞ்சு நின்னப்ப... மக்களே, அழகுன்னா அழகு. கரணை போன தடம் லேசா மேகம் மேகமாத் தெரியும். சாயங்கால வெயில் விழுந்தா தரை மூச்சு விடற மாதிரி இருக்கும்.

அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. அம்பாசமுத்திரம். செருப்பை விட்டுட்டு உள்ள வந்தவங்க நேரா தரையில உக்காந்து உள்ளங்கையால தடவிப் பார்த்தாங்க. "ஏலே, இது நம்ம ஆச்சி வீட்டுத் தரை மாதிரில்லா இருக்கு!"

எனக்கு அப்பதான் உறைச்சது. ஆச்சி வீட்டு ரெட் ஆக்சைடு தரை! சிமெண்ட்ல காவிக் கலர் ஆக்சைடு பொடியைக் கலந்து, கொத்தனார் முட்டி போட்டுக் கரணையால இழைச்சு இழைச்சுப் போட்ட தரை. ரூமுக்கு ரூம் ஒரே வீச்சு. பரீட்சை லீவுல அதுல சட்டையைக் கழட்டிட்டுப் படுத்தா ஏ.சி. தோத்துச்சு. முதல்ல மொசைக்கும் பிறகு டைல்ஸும் வந்ததும் பழைய தரைன்னு எல்லாரும் அதை மூடினோம். சதுர அடிக்கு 320 கொடுத்து நான் அதோட சித்தப்பா பையனைத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன் :-) இதே மாதிரி மொராக்கோல தாடெலாக்ட்னு ஒண்ணு இருக்கு. சுண்ணாம்பைப் பூசி வழவழப்பான கல்லால தேய்ச்சு, ஆலிவ் எண்ணெய்ச் சோப்புப் போட்டு மெருகேத்துவாங்க. மராகேஷ் பக்கம் குளியல் கூடங்கள்ல தலைமுறை தலைமுறையா பூசறாங்க. கோடில்லாத தரைக்கும் சுவருக்கும் உலகம் முழுக்க ஆசைப்பட்டிருக்காங்க போல.

அடுத்த நாள் காலைல அம்மா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோட ஹாலுக்கு வர, நான் அலறிட்டேன். ரெட் ஆக்சைடுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சா மினுங்கும். இங்க மேல சீலர் இருக்கு. எண்ணெய் உள்ள இறங்காம மேலயே நின்னு ஆளைத்தான் சறுக்கி விடும், அதுவும் மாசமா இருக்கற பொண்ணு நடக்கற வீடு. ஆசிட்டும் ஆகாது, சும்மா தண்ணியும் லேசான சோப்பும்தான்னு ஒரு லெக்சர் அடிச்சேன். "அப்ப அத வச்சிப் பாத்துக்கிட்டே இருக்கணும்னு சொல்லு"ன்னாங்க.

அன்னைக்கு சாயங்காலம் அம்மா கீழ் வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போனாங்க. திரும்பி வந்து ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "கீழ அந்தப் பெரியவரு உள்ரூம்ல வாளி வச்சிருக்காருலே. சொட்டு சொட்டா விழுது. கட்டிலத் தள்ளிப் போட்டுருக்காரு. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவ்வளவுதான். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிட்டாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதுக்குள்ள பாத்ரூமே காட்டிக் கொடுக்க ஆரம்பிச்சிருந்தது. போட்டு ஏழு வாரம்கூட ஆகலை, தண்ணி போற ஓட்டைகிட்ட பூச்சு அப்பளம் மாதிரி உப்பி, சுத்தி வெள்ளை பூத்திருந்தது. மைக்ரோசிமெண்ட்டுக்குன்னு தண்ணியைத் தடுக்கற சக்தி பெரிசா கிடையாது. தடுக்கறது மேல இருக்கற சீலர். அந்த சீலர் மேல இருந்து வர்ற தண்ணிக்குத்தான் காவல். அடியில இருந்து வர்ற ஈரத்துக்கு வெளிய போக வழி கிடையாது, முட்டி மோதித் தூக்கிடும்.

பிளம்பரைக் கூப்பிட்டு உடைச்சோம். அடுக்குமாடி வீடுகள்ல பாத்ரூம் தளத்தை ஒரு அடி பள்ளமா வார்த்து, அதுக்குள்ள பைப்பை ஓட்டி, செங்கல் ஜல்லி போட்டு மூடியிருப்பாங்க. சங்கன் ஸ்லாப்னு பேரு. எங்களோடதுல ஜல்லியை அள்ளினா பிழியலாம் போல ஈரம். நானி டிராப்ல பைப் சேர்ற இடத்துல ஜாயிண்ட் விலகியிருந்தது. குளிக்கற தண்ணியில ஒரு பங்கு வருஷக்கணக்கா அந்தப் பள்ளத்துல இறங்கித் தேங்கி, அங்கிருந்து கீழ் வீட்டு சாரோட கட்டிலுக்கு. ஜாயிண்ட்டைச் சரி பண்ணி, ஜல்லியை மாத்தி, வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிச்சு, ஓட்டையை அடைச்சு இரண்டு நாள் தண்ணி கட்டி வச்சுப் பார்த்தோம். நான் மணிக்கொரு தரம் கீழே போய் சீலிங்கை அண்ணாந்து பார்த்துட்டு வந்தேன். இதைத்தான் முதல்லயே செஞ்சிருக்கணும்.

மைக்ரோசிமெண்ட் கம்பெனிக்காரர்கிட்ட உடைச்ச இடத்தை மட்டும் பூசித் தர முடியுமான்னு கேட்டேன். "ஒட்டு தெரியும் சார். நிறுத்தறதுக்கு ஒரு கோடு வேணும்ல? சுவருக்குச் சுவர் முழுத் தரையும் போடணும்"னார். எந்தக் கோட்டைப் பிடிக்காம ஒன்றேகால் லட்சத்துக்கு மேல செலவழிச்சேனோ, அந்தக் கோடு! பாத்ரூம் தரைக்குச் சாதாரண வழுக்காத டைல்ஸ் வாங்கிப் போட்டேன். உபரியா ஆறு டைல் பரண்ல இருக்கு.

கீழ் வீட்டு சாரோட சீலிங் காயறதுக்கு இரண்டு மாசம் ஆச்சு. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்ச செலவு என்னோடது. அன்னைக்குப் போய், "சார், எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் மேல பூசினேன்"னு சொன்னேன். அவர் கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கிட்டு இருந்தார். "ஒரு பக்கம் பிடிங்க தம்பி"ன்னார். பிடிச்சேன்.

பாப்பாவுக்கு இப்ப எட்டு மாசம். ஹால் முழுக்கத் தவழறா. முட்டியில ஒரு சிராய்ப்பு இல்லை, அந்த விஷயத்துல மைக்ரோசிமெண்ட்டுக்கு நூத்துக்கு நூறு. பால்கனி வாசல்கிட்ட மட்டும், கொத்தனார் தட்டிக் காட்டின அந்த இரண்டு டைல் இருக்கற இடத்துல, அளவெடுத்த மாதிரி நேரா ஒரு மயிரிழைக் கோடு விழுந்திருக்கு. வர்ற விருந்தாளி யார் கண்ணுக்கும் அது பட்டதில்லை. பாப்பா மட்டும் தினமும் நேரா அங்க போய் உக்காந்து, சுண்டுவிரல் நகத்தால சுரண்டிக்கிட்டே இருக்கா.