பரண்மேல் கிடந்த பாட்டுப் பெட்டி



திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், அச்சு முறிந்து நின்ற இடம்தான் எங்கள் ஊர் என்பார்கள் பெரியவர்கள். அச்சு இறுபாக்கம், அச்சரப்பாக்கம் ஆயிற்றாம். கடவுளின் வண்டியே ரிப்பேராகி நின்ற ஊரில் பிறந்தவன் டிப்ளமோ படிக்க வந்ததில் வியப்பென்ன!

என் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மைக் செட் கடையில் கூலி வேலை. ஆட்சீஸ்வரர் கோயில் திருவிழா என்றாலும், மழைமலை மாதா கோயில் விழா என்றாலும், மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். முதலாம் ஆண்டில் சேரும்போது, படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் ‘எலெக்ட்ரீஷியன்’ என்று எழுதினேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்காமலே அப்பா கையெழுத்துப் போட்டார். அது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

அந்தக் கடை மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாக ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பல வருடம் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. இந்த வருட ஆண்டு விழாவுக்குக் கிடார் வாசிக்கும் நண்பன் ஒருவன், “ஒரு ஆம்ப் கிடைக்குமாடா?” என்று கேட்க, எனக்குப் பரண் ஞாபகம் வந்தது. உள்ளே இரண்டு ஈ.எல்.34 வால்வு. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ்காரர் தன் கடையில் செய்து விற்ற கிடார் ஆம்ப்ளிஃபையர் உலகப் புகழ் பெற்றதல்லவா, பின்னாளில் அதில் எரிந்ததும் இதே ஈ.எல்.34தான். அதுவும் போக, நம் பெட்டியின் மைக் உள்ளீடு கிரிஸ்டல் மைக்குக்காக வைத்தது. கிடார் பிக்கப்புக்கும் அது ஒத்துப்போகும்.

தூசி தட்டியதும் பிளக்கைச் சொருகப் போனேன். “ஏண்டா, பத்து வருஷம் தூங்கினவனை எழுப்பி ஓடச் சொல்லுவியா?” என்று அப்பா தடுத்தார். ஒரு 100 வாட் பல்பை லைனில் சீரிஸாகக் கொடுத்து ஆன் செய்தார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே ஷார்ட்! ஃபில்டர் கண்டென்சர் போயிருந்தது. நேராகக் கொடுத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கும்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும் என்று 220 மைக்ரோ ஃபாரட் வாங்க ஆசை. நல்லவேளை, முதல் நாளே டேட்டா ஷீட்டைப் புரட்டியிருந்தேன். ஜி.இசட்.34 ரெக்டிஃபையர் வால்வு 60க்கு மேல் தாங்காது. 47 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட்தான் வாங்கினேன். வால்வுக்கு வால்வு சிக்னல் கடத்தும் பழைய பேப்பர் கண்டென்சர்களையும் மாற்றினேன். அவை கசிந்தால் அடுத்த வால்வின் கிரிடுக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் போய்விடும். “தட்டு செவந்தா கண்டென்சர் கசியுது” என்று அப்பா ஒரே வரியில் சொன்னதற்கு நான் படித்த விளக்கம் ஒரு பக்கம்! 0.1 இருந்த இடத்தில் 0.022 போட்டேன். 220 கே ரெசிஸ்டரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் 7 ஹெர்ட்ஸிலிருந்த எல்லை 33க்கு ஏறுகிறது. கிடாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸ்தானே, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் வீண் உறுமல்.

அப்பாவுக்கு ரெசிஸ்டரின் எண் தெரியாது. “மஞ்சள், வயலட், மஞ்சள் எடுடா” என்பார். அது 470 கே என்று அன்றுதான் நான் அவருக்குச் சொன்னேன். “அப்படியா?” என்று கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்து நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பெரிய வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு வோல்டேஜ் பார்த்தேன். 400. ஸ்விட்சை அணைத்தேன், பிளக்கையும் பிடுங்கினேன், உள்ளே கையை விட்டேன்... அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்த வேகத்தில் நான் சுவரில் மோதினேன். ஒன்றும் பேசாமல் ஒரு 15 வாட் பல்பின் இரண்டு ஒயரை எடுத்துக் கண்டென்சரில் வைத்தார். கரண்டே இல்லாத பெட்டியில் பல்பு பளிச்சென்று மின்னி அணைந்தது.

கிட்டத்தட்ட 4 ஜூல், நண்பர்களே! அந்த ஃபார்முலாவை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வால்வு இருந்தால் சார்ஜ் அதன் வழியே வடிந்திருக்கும். கழற்றியதால் வடிய வழியில்லை. அப்பா தன் வலது கை நடுவிரலைக் காட்டினார். அந்தத் தழும்பு அடுப்பில் சுட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றிரவே ஒரு 220 கே, 2 வாட் ரெசிஸ்டரைக் கண்டென்சருக்குக் குறுக்கே பற்ற வைத்தேன். இப்போது அணைத்த ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். ஆனாலும் பல்பு வைத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை.

கடைசியாகக் ‘கொர்ர்’ சத்தம். ஃபில்டர்தான் என்று நான் சாதித்தேன். அப்பா காதைக் கொடுத்து, “இது அடிக்குரல்ல கத்துதுடா” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபில்டர் கோளாறு 100 ஹெர்ட்ஸில் கத்தும், ஹீட்டர் ஒயரிலிருந்து வருவது 50. பார்த்தால், ஹீட்டர் ஒயர் மைக் ஒயரை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் ஒயர் இரண்டையும் இறுக்க முறுக்கிச் சேசிஸ் மூலையில் அழுத்தினேன். மைக் உள்ளீட்டுக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். சத்தம் அடங்கியது.

ஆண்டு விழாவன்று அப்பா வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று கடைசித் தூண் ஓரமாக நின்றுகொண்டார். முதல் பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, பெட்டி பக்கத்தில் குனிந்து கேட்டார்.

“லேசா கொர்ருங்குதே. அம்பதா, நூறா?”

“நூறுப்பா.”

“அப்ப கண்டென்சரு. நாளைக்குப் பாத்துக்கலாம். பல்பு வெச்சுட்டுக் கை வை.”

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு