ஜிகினா

பேத்திக்குக் கட்டபொம்மன் உடை தைக்க வேண்டி வந்தது. ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. பாரதியாராகப் போனால் ஒரு கறுப்புக் கோட்டும் முண்டாசும் போதும், காரியம் சுலபம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவளுக்கு வாள் வேண்டும், மீசை வேண்டும், ஜாக்ஸன் துரையிடம் பேச வேண்டும். வாடகைக் கடையில் எடுத்துப் பார்த்த அங்கிக்குள் அவளைப்போல் இரண்டு பேர் நிற்கலாம். வேறு யாருடைய வியர்வையோ அதில் மிச்சம் இருந்தது. வீட்டில் என் தகப்பனாரின் சிங்கர் கால்மிஷின் இருக்கிறது. நானே தைப்பது என்று முடிவு செய்தேன்.

தகப்பனார் கோவில்பட்டியில் தையல்காரர். காஜா எடுக்கவும் எம்மிங் பண்ணவும் பத்து வயதுக்குள் எனக்குப் பழக்கிவிட்டார். கல்லூரிக்குப் போன பிறகு நான் ஊசியைத் தொட்டதில்லை. தொடக்கூடாது என்ற வைராக்கியம் ஒன்றும் இல்லை. புத்தகம் படிக்கிற கைக்கு அது பொருந்தாது என்ற ஒரு நினைப்பு. அதை அப்போது நினைப்பு என்றுகூட நான் அறிந்திருக்கவில்லை.

மாதிரி எது என்று கேட்டேன். பேத்தி போனில் ஒரு பையனைக் காட்டினாள். ஏதோ ஒரு ஊர்ப் பள்ளி மேடையில் அவன் கட்டபொம்மனாக முழங்குகிறான். அந்தப் பையனின் உடை வாடகைக் கடையிலிருந்து வந்திருக்கும். வாடகைக் கடைக்கு மாதிரி 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம். படத்துக்கு முந்தியது 1957-ல் சிவாஜி நாடக மன்றம் போட்ட நாடகம். அதற்கும் முன்னால்? கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரோடு இருந்தபோது எழுதப்பட்ட சித்திரம் எதையும் நான் பார்த்ததில்லை. கயத்தாற்றில் நிற்கும் சிலை, சிவாஜி கணேசன் சொந்தமாக இடம் வாங்கி 1970-ல் வைத்தது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதில் எனக்குத் தெரிகிற முகம் சிவாஜியுடையதுதான். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி. இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் மறுநுனியில் கட்டபொம்மன் அகப்படமாட்டார். கழுத்தில் அளவு நாடா போட்ட யாரோ ஒரு தையல்காரர்தான் அகப்படுவார்.

படம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கேவாகலரில் எடுத்து, லண்டனில் டெக்னிக்கலர் பிரதி போட்டுக் கொண்டுவந்த படம். தியேட்டரில் எல்லோரும் வசனத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தகப்பனார் மட்டும் திரையில் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி போனார். மூன்றாவது தடவை பீடிக்கட்டுக் காகிதமும் பென்ஸிலும் கொண்டுபோனார். கோவில் கொடைகளுக்கு நாடகம் போடுகிற ஸெட்டுகளுக்கு அவர்தான் தைத்துக் கொடுப்பார். படம் வந்த பிறகு எந்த ஊரிலும் கட்டபொம்மன் வேறு மாதிரி வர முடியாமல் போயிற்று. வந்தால் ஜனங்கள், இது யாரப்பா என்று கேட்டார்களாம். கதைப்பாடல்களில் அத்தனை காலம் ஆளுக்கொரு விதமாக நடமாடியவருக்கு ஒரே வருஷத்தில் ஒரே சட்டை தைக்கப்பட்டுவிட்டது.

பதினேழு வருஷம் கழித்துத் தமிழ் நடிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இருநூறு பிரதி அச்சடித்து, அதில் பாதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த ஒரு பத்திரிகை. இந்தப் படத்தை எடுத்துக்கொண்டேன். மௌனம் தெரியாத கலை, இரைச்சல், மிகை என்றெல்லாம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் அடக்குகிற உத்ஸாகத்தில், 'ஜிகினா' என்று முடித்திருந்தேன். நண்பர்கள் அந்த வார்த்தையை வெகுவாக ரஸித்தார்கள்.

தகப்பனார் அதை மிஷினில் உட்கார்ந்தபடியே வாசித்தார். எழுத்துக் கூட்டி, நிதானமாக. முடித்துவிட்டு, "ஏலே, ஜிகினான்னா அவ்வளவு கேவலமா?" என்று கேட்டார்.

"அது ஒரு உவமைப்பா" என்றேன்.

"அப்படியா" என்றவர் மிதியை அழுத்தினார். மடியில் பச்சை ஸாட்டின். அதில் ஜிகினா வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். 1988-ல் இறந்துபோனார். அதுவரை அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சிவப்பு வெல்வெட் ஒன்றரை மீட்டர் வாங்கினேன். வெல்வெட்டுக்கு மயிர்வாட்டம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் வெளுத்துப் பளபளக்கும், எதிராகத் தடவினால் இருண்டுபோகும். எல்லாத் துண்டுகளையும் ஒரே வாட்டத்தில் வெட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் துணியை மிச்சம் பிடிக்கிற ஆசையில் இடது கையைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டேன். தைத்து முடித்து விளக்கடியில் பிடித்தால் ஒரு கை ரத்தம், ஒரு கை பீட்ரூட். மிஷினில் ஓட்டும்போது வேறு மேல்துணி நகர்ந்து நகர்ந்து போகும். இரண்டு விரலுக்கு ஒரு ஊசி குத்தி, முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்த பிறகுதான் வழிக்கு வந்தது. ஜரிகை லேஸை மெல்லியதாக, அடக்கமாக, ஒரே வரி வைத்தேன். என் ருசி அது.

பேத்தி போட்டுப் பார்த்தாள். "தாத்தா, இது நைட்டி மாதிரி இருக்கு" என்றாள்.

அங்கியை எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஜரிகை இருந்த இடமே தெரியவில்லை. அங்கியாகவும் இல்லை, சிவப்பாக ஏதோ தொங்கியது. தகப்பனார் தைத்ததை உடுத்திக்கொண்டு நடிகன் நின்றது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில். பார்க்கிறவன் ஐம்பது கஜத்துக்கு அப்பால் பாயில் உட்கார்ந்திருப்பான். அவன் கண்ணுக்கு ராஜாவை ராஜாவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது அவர் தொழில். விரல் அகலத்துக்கு ஜிகினா வைத்தால் அங்கே நூலாகத் தெரியும். நான் விமர்சனம் எழுதியது புத்தகத்தைப் பிடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து. எங்கள் பத்திரிகைக்குப் பின்வரிசை கிடையாது. முன்வரிசையிலேயே பாதி நாற்காலி காலி.

இதனால் அந்தப் படம் எனக்கு இப்போது பிடித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. கேமரா நடிகனின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து நிற்கும்போதும் ஐம்பது கஜத்துக்குப் பேசுவது பிசகு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பிசகு தூரத்தில் இருந்தது. ஜிகினாவில் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை கிடைத்திருக்கும். வீட்டிலேயே கிடந்ததை எடுத்து வீசியிருக்கிறேன்.

லேஸைப் பிரித்து மூன்று வரியாக வைத்தேன். மார்பில் ஜிகினா. காலர் விறைப்பாக நிற்கக் கான்வாஸ் கொடுத்து, அதன் விளிம்பிலும் ஜரிகை.

போட்டி அன்று ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேத்தி வந்தாள். இரண்டு கையும் ஒரே சிவப்பு. மைக் பாதி வார்த்தைகளைத் தின்றுவிட்டது. நடுவில் வசனம் மறந்து அவள் ஒரு கணம் நின்றாள். வாளின் பிடியில் கையை வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, பேசாமல். அந்த மௌனத்தில் ஜரிகை மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு வசனம் வந்துவிட்டது. பரிசு ஒரு மயிலுக்குப் போயிற்று.

வீட்டில் அங்கியைக் கழற்றினேன். காலர் உராய்ந்து அவள் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. சில இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"எரிஞ்சுதா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்லா?"

"கட்டபொம்மன் எப்படிச் சொல்லுவாரு?"

அவள் தூங்கின பிறகு தகப்பனாரின் தகரப்பெட்டியைத் திறந்தேன். வெட்டுமிச்சங்களுக்கு அடியில் பச்சை ஸாட்டின் அங்கி ஒன்று, யாரும் வாங்கிப் போகாதது. ஜிகினா கறுத்துப்போயிருந்தது. காலரை மடித்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்க வெள்ளை மல்துணி வைத்து, கண்ணுக்குத் தெரியாத பொடித் தையலில் கையால் தைத்திருந்தார். கைவாயிலும் அப்படியே. எந்த வரிசைக்கும் தெரியப்போவதில்லை. அதைப் போட்டுக்கொள்கிறவனின் கழுத்துக்கு மட்டும் தெரியும்.

பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மிஷின் வேலை இல்லை இது. கையால்தான் செய்ய வேண்டும். ஊசியில் நூல் கோக்க எனக்கு நாலு தடவை பிடித்தது.