எண்ணும் உத்தேசமும்

பல கணனிகளிற் பகிர்ந்து வைக்கப்படும் மொங்கோடிபி தரவுத்தளத்தில் ஆவணங்களை எண்ணுதற்குக் ‘கவுண்ட்’ என்றொரு கட்டளை இருந்தது. நிபந்தனையின்றி அழைத்தால், முன்னரே குறித்துவைத்த தொகையையே அது கூறும். ஆவணங்கள் கணனிக்குக் கணனி இடம்பெயரும் வேளையில், ஒன்றே இருமுறை எண்ணப்படுதலுங் கூடும். 2018இல் அது வழக்கொழிய வேண்டியதென அறிவிக்கப்பட்டு, அதனிடத்தில் இரண்டு தரப்பட்டன. ‘கவுண்ட் டொக்கியூமென்ட்ஸ்’ உள்ளபடி எண்ணும். அதற்குக் காலம் வேண்டும். ‘எஸ்ரிமேற்றட் டொக்கியூமென்ட் கவுண்ட்’ உடனே விடை தரும், அது உத்தேசமே.

என் செய்நிரலிற் பழைய கட்டளையை மாற்றப் புகுந்தேன். சிறு பணியென்றே நினைத்தேன். ஆயின், ஒவ்வோரிடத்தும் ஒரு வினா எதிர்ப்பட்டது: இங்கு வேண்டுவது எண்ணா, உத்தேசமா? அதுவரை அவ்வினாவை நான் எழுப்பியதேயில்லை. உறுதியெனக் கையொப்பமிட்டு அளித்த அறிக்கைகளில் உத்தேசங்களும் கலந்திருந்தன. அடுத்த அறிக்கையில் அத்தகைய எண்களின் முன் ‘ஏறத்தாழ’ என்று எழுதினேன்.